லைவ் லினக்ஸ்: எழ மறுக்கும் கணினியிலிருந்து கோப்புகளை மீட்கும் வழி

முனைவர் பட்ட ஆய்வின் கடைசிக் கட்டத்தில் இருந்த என் உறவுக்காரப் பெண்ணின் மடிக்கணினி ஒருநாள் காலை எழவில்லை. நிறுவனத்தின் சின்னம் தோன்றும். புள்ளிகள் வட்டமாகச் சுழலும். பிறகு நீலத்திரை வந்து, தானாகவே அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பழுதுபார்க்கும் கடையில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "விண்டோஸ் போயிடுச்சும்மா, ஃபார்மட் பண்ணித்தான் திரும்பப் போடணும், உள்ளே இருக்கிறது எதுவும் வராது" என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்றாண்டுக் களப்பணிக் குறிப்புகள், நேர்காணல் ஒலிப்பதிவுகள், எழுதி முடித்த நான்கு இயல்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு. ஒரு பென் டிரைவையும் ஒரு வெளி வன்தட்டையும் வைத்துக்கொண்டு அன்று இரவுக்குள் அனைத்தையும் எடுத்துவிட்டோம். அது எப்படி முடிந்தது என்பதை, விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸை ஒருமுறைகூடத் தொட்டிராதவர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, கணினி எழாமல் போவதும் கோப்புகள் அழிவதும் வேறு வேறு நிகழ்வுகள் என்பதுதான். கணினியின் பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையிலுள்ள சிறு மென்பொருள் ஒன்று முதலில் விழிக்கிறது. அது வன்தட்டிலிருக்கும் தொடக்க நிரலைத் தேடி எடுக்கிறது. அந்த நிரல் விண்டோஸின் மையப் பகுதியான கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. கரு தனக்கு வேண்டிய இயக்கிகளையும் சேவைகளையும் ஒவ்வொன்றாக அழைக்கிறது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் நாம் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் திரை வருகிறது. இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி அறுந்தாலும் போதும், கணினி பாதியில் நின்றுவிடும். நூலகர் வரவில்லை, அதனால் நூலகத்தின் கதவு திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே அலமாரிகளில் நூல்கள் அப்படியே இருக்கின்றன. திறந்து உள்ளே அழைத்துச் செல்ல ஆள் இல்லை, அவ்வளவே.

2024 ஜூலை 19 அன்று உலகம் இதைப் பெரிய அளவில் கண்டது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு சிறு கோப்பினால் விமான நிலையங்களிலும் வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றுபோயின. பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அந்தக் கணினிகளின் வன்தட்டுகளில் இருந்த ஆவணங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிழையான அந்த ஒரு கோப்பை நீக்கியதும் அவை எழுந்தன. அதை நீக்க, வழக்கமான வழியில் உள்ளே போக முடியாததுதான் சிக்கலாக இருந்தது. அப்படிப்பட்ட நிலையில் வெளியிலிருந்து உள்ளே போகும் ஒரு வழிதான் லைவ் லினக்ஸ்.

வழக்கமாக ஓர் இயங்குதளம் கணினியின் வன்தட்டில் நிறுவப்பட்டு அங்கிருந்தே இயங்கும். லைவ் லினக்ஸ் அப்படி நிறுவப்படுவதில்லை. குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ முழு இயங்குதளமும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். கணினி அதிலிருந்து எழுந்து, வேண்டிய பகுதிகளை மட்டும் அவ்வப்போது விரித்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு இயங்கும். 1992-இல் வெளியான இக்டிராசில் லினக்ஸ் குறுந்தகட்டிலிருந்தே நேரடியாக இயங்கக்கூடியதாக இருந்தது. ஆனால் இந்த எண்ணத்தைப் பரவலாகப் பயன்படும் கருவியாக ஆக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர். 2000-இல் அவர் வெளியிட்ட நாப்பிக்ஸ், ஏறத்தாழ 2 ஜிபி அளவுள்ள மென்பொருள்களைச் சுருக்கி 700 எம்பி கொள்ளும் ஒரே குறுந்தகட்டில் அடக்கியது. கணினி பழுதுபார்ப்பவர்களின் பையில் அது நிரந்தர இடம் பிடித்தது. பிறகு உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பு வந்தது. 2005 முதல் 2011 வரை, கேட்டவர்களுக்கெல்லாம் உபுண்டு குறுந்தகடுகள் கட்டணமின்றி அஞ்சலில் வந்துகொண்டிருந்தன. நம்மூர்க் கல்லூரி விடுதிகளில் பலர் லினக்ஸை முதன்முதலில் பார்த்தது அந்தக் காகித உறைக்குள்தான்.

குறுந்தகட்டில் எழுத முடியாது. அப்படியிருக்க, இயங்கும்போது ஒரு கோப்பைத் திருத்தினால் அது எங்கே போகிறது? அச்சிட்ட பக்கத்தின் மேல் கண்ணாடித் தாளை விரித்து, அந்தத் தாளின் மேல் எழுதுவதைப் போன்றது இது. மேலிருந்து பார்ப்பவருக்கு அச்சும் எழுத்தும் ஒரே பக்கமாகத் தெரியும். தாளை எடுத்துவிட்டால் பக்கம் பழையபடி இருக்கும். லைவ் லினக்ஸில் அந்தக் கண்ணாடித் தாள் நினைவகத்தில் இருக்கிறது. நீங்கள் மாற்றும் அமைப்புகள், திறக்கும் இணையப் பக்கங்கள், இறக்கும் செயலிகள் எல்லாம் அதில்தான் பதிகின்றன. கணினியை அணைத்ததும் மறைந்துவிடுகின்றன. நமக்கு வேண்டிய முக்கியமான பண்பு இதுதான்: நீங்களாகச் சொன்னாலொழிய, லைவ் லினக்ஸ் பழைய வன்தட்டில் எதையும் எழுதுவதில்லை. கோப்புகளை மீட்க விரும்புகிறவர் கைக்கொள்ள வேண்டிய விதியும் இதிலிருந்தே பிறக்கிறது. முதலில் நகல், பிறகே பழுதுநீக்கம். நகல் முடியும்வரை பழைய தட்டில் ஒரு பைட்டும் எழுதக் கூடாது.

தொடங்கும் முன் கணினியைக் கவனியுங்கள்

எல்லாப் பழுதுக்கும் இந்த முறை பொருந்தாது. பொத்தானை அழுத்தினால் விளக்கே எரியவில்லை என்றால் தாய்ப்பலகையோ மின்வழங்கியோ பழுதாகியிருக்கும். அந்தக் கணினியில் எந்த இயங்குதளமும் எழாது. வன்தட்டைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்புள்ள உறையில் இட்டு, வேறு கணினியில் பொருத்திப் பார்ப்பதே அங்கே வழி. திரை மட்டும் இருண்டிருந்தால் வெளித்திரை ஒன்றை இணைத்துப் பாருங்கள். பல நேரங்களில் கணினி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். சின்னம் தெரிகிறது, நீலத்திரை வருகிறது, தொடக்கச் சாதனம் கிடைக்கவில்லை என்ற செய்தி வருகிறது, கடவுச்சொல் திரைக்குப் பின் கருந்திரையாகி நிற்கிறது என்பன போன்ற நிலைகளில்தான் லைவ் லினக்ஸ் பெரும்பாலும் கைகொடுக்கும்.

ஒலியை உன்னிப்பாகக் கேளுங்கள். சுழலும் தட்டுள்ள பழைய வகை வன்தட்டு டிக், டிக் என்று சீராகத் தட்டினாலோ, உராயும் ஒலி எழுப்பினாலோ உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். தட்டின் மேல் மயிரிழையினும் மெல்லிய இடைவெளியில் மிதக்க வேண்டிய படிப்பு முனை பழுதாகிவிட்டது என்பதன் அடையாளம் அது. அந்நிலையில் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் முனை தட்டைச் சுரண்டி, மீட்கக்கூடியதையும் மீட்க முடியாததாக்கிவிடலாம். அதில் விலைமதிப்பற்ற கோப்புகள் இருந்தால், தூசியற்ற அறை வசதியுள்ள மீட்பு ஆய்வகத்திடம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கீழே விழுந்த கணினிக்கும் தண்ணீர் புகுந்த கணினிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பென் டிரைவைத் தயார் செய்தல்

லைவ் வட்டு என்று பழக்கத்தில் சொன்னாலும் இன்று பெரும்பாலும் பென் டிரைவைத்தான் பயன்படுத்துகிறோம். புதிய மடிக்கணினிகளில் குறுந்தகட்டுப் பெட்டியே இல்லை, உபுண்டு 24.04-இன் கோப்போ ஏறத்தாழ 6 ஜிபி, அது 4.7 ஜிபி கொள்ளும் சாதாரண டிவிடியில் அடங்காது. லினக்ஸ் மின்ட் ஏறத்தாழ 3 ஜிபி என்பதால், டிவிடி மட்டுமே இருக்கிறது என்பவருக்கு அது உதவும். புதியவர்களுக்கு இவ்விரண்டில் ஒன்றைத்தான் நான் பரிந்துரைப்பேன். விண்டோஸ் பழகியவர்களுக்கு மின்டின் திரை அந்நியமாகத் தோன்றாது. நினைவகம் 2 ஜிபி அல்லது அதற்கும் குறைவாக உள்ள பழைய கணினிக்குப் பப்பி லினக்ஸ், ஆன்டிஎக்ஸ் போன்ற எடை குறைந்தவை பொருந்தும். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற தொகுப்பு இந்த வேலைக்காகவே செய்யப்பட்டது என்றாலும், கட்டளைகளைத் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கே அது வசதியானது.

இன்னொரு கணினி இதற்குத் தேவை. நண்பருடையதாக இருக்கலாம், அலுவலகத்துடையதாக இருக்கலாம். அந்தத் தொகுப்பின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ என முடியும் கோப்பைப் பதிவிறக்குங்கள். இந்தக் கோப்பை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்தால் கணினி அதிலிருந்து எழாது. புதியவர்கள் வழக்கமாக இங்கேதான் இடறுகிறார்கள். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு வட்டின் அச்சுப்படி. அதைப் பென் டிரைவின் மேல் முதல் பகுதியிலிருந்து அந்தந்த இடத்தில் பதிக்க வேண்டும். விண்டோஸில் ரூஃபஸ் என்ற சிறு நிரல் இதைச் செய்யும். பலேனா எட்சர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் போதும். பதிக்கும்போது அதில் முன்பிருந்தவை அனைத்தும் அழிந்துபோகும். ஒன்றை மீட்கப் போய் இன்னொன்றை இழக்காதபடி, காலியான பென் டிரைவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவிறக்கம் முழுமையாக வந்ததா என்று சரிபார்க்க, தளத்தில் 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு சரிபார்ப்புக் குறியீடு கொடுக்கப்பட்டிருக்கும். உங்கள் கோப்புக்கும் அதே குறியீட்டைக் கணக்கிட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இணைப்பு அடிக்கடி அறுபடும் இடத்தில் பதிவிறக்கியவர்கள் இதைத் தவிர்க்க வேண்டாம். குறைபட்ட ஐஎஸ்ஓவால் லினக்ஸ் எழாமல் போனதைப் பார்த்து வன்தட்டுதான் செத்துவிட்டது என்று முடிவுகட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பென் டிரைவிலிருந்து எழுப்புதல்

கணினியை முழுமையாக அணைத்து, பென் டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்திய உடனே தொடக்கப் பட்டியலை வரவழைக்கும் விசையை அடுத்தடுத்துப் பலமுறை தட்டுங்கள். டெல், லெனோவோ, ஏசர் கணினிகளில் அது பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9. ஆசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். மாடலுக்கு மாடல் இது மாறலாம் என்பதால், சின்னம் தோன்றும் திரையின் ஓரத்தில் சிறு எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பட்டியல் வந்ததும் பென் டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டைக் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று பழைய குறிப்புகள் சொல்லும். உபுண்டுவும் மின்டும் அந்த ஏற்பாடு ஏற்றுக்கொள்ளும் கையொப்பத்தோடுதான் வருகின்றன. பெரும்பாலான கணினிகளில் அதைத் தொட வேண்டியதே இல்லை. தேவையின்றி அதை மாற்றினால், குறியாக்கப்பட்ட (திறவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி வன்தட்டு பூட்டப்பட்ட) கணினி, மீட்புக் குறியீட்டைக் கேட்டு நிற்கும்.

உபுண்டு எழுந்ததும், நிறுவ வேண்டுமா, முயன்று பார்க்க வேண்டுமா என்று கேட்கும். முயன்று பார்ப்பது என்பதையே, அதாவது ட்ரை உபுண்டு என்பதையே, தேர்ந்தெடுங்கள். மின்ட் நேராகவே முகப்புத் திரைக்குக் கொண்டுபோய்விடும். அங்கே இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட் என்ற சின்னம் ஒன்று இருக்கும். அதை அழுத்தாதீர்கள். நிறுவலின் இடையில் வட்டை அழித்துவிட்டு நிறுவுவது என்ற தேர்வும் வரும். அதற்குச் சம்மதம் கொடுத்துவிட்டால், மீட்க வந்த நாமே மீட்க வேண்டியதை அழித்தவர்களாவோம். இந்த முழு வேலையிலும் உண்மையான ஆபத்து உள்ள இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் முதலாவது இது.

பழைய தட்டுக்குள் நுழைதல்

கோப்புச் செயலியைத் திறந்தால் இடப்பக்கத்தில் வன்தட்டின் பிரிவுகள் தெரியும். சி, டி என்ற எழுத்துகள் விண்டோஸ் தானாகச் சூட்டிக்கொள்பவை; லினக்ஸ் அவற்றை அறியாது. பிரிவுக்குப் பெயர் இருந்தால் பெயரையும், இல்லாவிட்டால் அதன் கொள்ளளவையும் காட்டும். நூறு அல்லது சில நூறு எம்பி அளவில் தெரியும் சிறு பிரிவுகள் தொடக்கத்துக்கும் மீட்புக்கும் உரியவை. அவற்றை விட்டுவிட்டுப் பெரிய பிரிவைச் சொடுக்குங்கள். விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், யூசர்ஸ் என்ற கோப்புறைகள் தெரிந்தால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். யூசர்ஸ் கோப்புறைக்குள் உங்கள் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் முதலியன இருக்கும். டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் திடுக்கிடாதீர்கள். பல கணினிகளில் அது ஒன்டிரைவ் என்ற கோப்புறைக்குள் மாற்றி வைக்கப்பட்டிருக்கும். அங்குள்ளவற்றில் சில திறக்காமல் இருந்தால், அவை வெறும் பெயர்களாக மட்டும் இங்கே இருந்து, உள்ளடக்கம் மைக்ரோசாஃப்டின் வழங்கியில் இருக்கக்கூடும். உலாவியில் உங்கள் கணக்கினுள் நுழைந்தாலே அவை கிடைத்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத கோப்புறைகளும் உண்டு. கண்ட்ரோல் விசையோடு எச் விசையை அழுத்தினால், புள்ளியில் தொடங்கும் பெயர்களும் மறைந்திருப்பவையும் வெளிப்படும். ஆப்டேட்டா என்ற கோப்புறைக்குள்தான் தண்டர்பேர்டு அஞ்சல்களும் உலாவியின் புத்தகக்குறிகளும் இருக்கின்றன. குரோம், எட்ஜ் போன்ற உலாவிகளில் சேமித்த கடவுச்சொற்கள் மட்டும் உங்கள் விண்டோஸ் கணக்கோடு பிணைத்துக் குறியாக்கப்பட்டவை. நகலெடுத்தாலும் அவை திறக்க மாட்டா.

தமிழில் எழுதுகிறவர்கள் எழுத்துருக்களையும் மறக்கக் கூடாது. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முற்பட்ட காலத்திலோ, அச்சகத்துக்காகவோ பாமினி போன்ற எழுத்துருவில் எழுதிய ஆவணம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். ஆவணம் மட்டும் வந்து எழுத்துரு வராமல்போனால், எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தோம் என்பதே பல ஆண்டுகளுக்குப் பின் நினைவில் இருக்காது. விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். சில நூறு எம்பிக்கு மேல் பெரும்பாலும் போகாது. பின்னால் நிறுவிய எழுத்துருக்கள் சில, ஆப்டேட்டாவுக்குள்ளும் இருக்கக்கூடும்.

பிரிவைச் சொடுக்கியதும் அது படிப்பதற்கு மட்டுமே திறந்தது என்ற செய்தி வரலாம். சில வேளைகளில் திறக்கவே மறுத்துப் பிழைச்செய்தியும் வரலாம். விண்டோஸ் 8 முதல், அணைக்கும்போது கருவின் நிலையை வன்தட்டில் எழுதிவைத்துவிட்டு அரைத் தூக்கத்தில் போகும் ஏற்பாடு இயல்பாகவே இயங்குகிறது. மறுமுறை விரைவாக எழுவதற்காக அப்படி. அந்நிலையில் வெளியிலிருந்து எழுதினால், தட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடான கோப்பு முறைமை குழம்பிவிடும் என்பதால் லினக்ஸ் எழுத மறுக்கிறது. நமக்கு வேண்டியது படிப்பு மட்டுமே, ஆகவே இது தடையன்று, காப்பு. அதைச் சரிசெய்வதாகச் சொல்லும் கட்டளைகளை நகல் முடியும்வரை இயக்காதீர்கள். திறக்கவே மறுத்தாலும், படிப்பதற்கு மட்டும் என்று குறிப்பிட்டு இணைக்கும் வழி உண்டு.

விண்டோஸில் கடவுச்சொல் வைத்திருந்தேனே, லினக்ஸ் எப்படி எதையும் கேட்காமல் திறந்தது என்ற ஐயம் இங்கே எழும், எழவும் வேண்டும். அந்தக் கடவுச்சொல் விண்டோஸ் என்னும் நூலகர் கேட்பது. வேறு வழியாக உள்ளே வருபவரை அது தடுக்காது. உங்கள் கணினி தொலைந்தால், எடுத்தவரும் இதே வழியில் நுழையலாம். அதைத் தடுப்பதுதான் பிட்லாக்கர் என்ற குறியாக்கம். புதிய விண்டோஸ் 11 கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும்போது அது பெரும்பாலும் தானாகவே இயங்கிவிடுகிறது. உரிமையாளருக்கே அது தெரியாது. அப்படிப்பட்ட பிரிவைச் சொடுக்கினால் லினக்ஸ் திறவுச்சொல்லைக் கேட்கும். 48 இலக்க மீட்புக் குறியீட்டை இடைக்கோடுகளோடு அங்கே தட்டச்சு செய்தால் இன்றைய உபுண்டுவும் மின்டும் அதைத் திறந்துவிடும். அந்தக் குறியீடு உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் இருக்கலாம். அலுவலகக் கணினி என்றால் நிர்வாகியிடம் இருக்கும். எங்குமே கிடைக்கவில்லை என்றால் கோப்புகளும் கிடைக்கமாட்டா; யாரிடம் கொடுத்தாலும், எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதற்கு மாற்றில்லை. இதைப் படிக்கும்போது உங்கள் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், அந்த 48 இலக்கங்களை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் நிகழ்வின்போது மீட்புப் பணியை மிகவும் தாமதப்படுத்தியவற்றுள் இந்தக் குறியீட்டைத் தேடிய அலைச்சலும் ஒன்று.

சில மடிக்கணினிகளில் வன்தட்டே லினக்ஸின் கண்ணில் படாது. தாய்ப்பலகையின் அமைப்புகளில் சேமிப்புக் கட்டுப்பாடு ரெய்டு என்ற முறையில் வைக்கப்பட்டிருப்பது அதற்குப் பெரும்பாலும் காரணம். ஒரே வட்டு உள்ள கணினியில், பழைய நிலையைக் குறித்துவைத்துக்கொண்டு, அதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் தட்டு தெரிய வரும். வேலை முடிந்ததும் பழையபடி வைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று வட்டுகளை ஒன்றாகப் பிணைத்து அமைத்த கணினியில் இதைத் தொடாதீர்கள்.

நகலெடுத்தல்

நகல் போய்ச் சேர வேண்டிய இடம் வெளி வன்தட்டோ இன்னொரு பென் டிரைவோ ஆக இருக்க வேண்டும். லைவ் லினக்ஸின் முகப்புத் திரையில் இழுத்துப் போட்டு வைத்தால், அது நினைவகத்திலுள்ள கண்ணாடித் தாளில்தான் இருக்கும், அணைத்ததும் போய்விடும். வெளித்தட்டு ஃபேட்32 என்ற கோப்பு முறைமையில் இருந்தால் 4 ஜிபியை எட்டும் தனிக்கோப்பை அது ஏற்காது. திருமணக் காணொளிகளும் அஞ்சல் பெட்டகங்களும் இதில்தான் சிக்கும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால் கவலையில்லை. தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு இன்னொரு நுட்பமான இடர் உண்டு. லினக்ஸுக்கே உரிய எக்ஸ்ட்4 முறையில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகளே இடம். தமிழின் ஒவ்வொரு எழுத்துக் குறியீடும் மூன்று பைட்டுகளைப் பிடிக்கும், 'கொ' என்பது இரண்டு குறியீடுகள். எனவே 85 குறியீடுகளைத் தாண்டிய நீண்ட தலைப்புள்ள கோப்பு, விண்டோஸில் நன்றாக இருந்தது, அத்தகைய தட்டில் நகலாக மறுக்கும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுத்துப் போடாமல், எதை இழந்தால் உறக்கம் வராதோ அதிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஆய்வேடு, கணக்குகள், சான்றிதழ்களின் படிகள். அடுத்துக் குடும்பப் படங்கள். திரைப்படங்களும் மென்பொருள் கோப்புகளும் கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம். தட்டு பாதியில் உயிர்விட்டாலும் இன்றியமையாதவை கைக்கு வந்திருக்கும். நகர்த்துவது என்ற கட்டளையைத் தவிருங்கள். அது பழைய இடத்தில் அழிக்கிறது. பழைய யுஎஸ்பி 2.0 இணைப்பில் 100 ஜிபி நகலாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். நீல நிற யுஎஸ்பி 3.0 துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

நகல் முடிந்ததாகத் திரை சொன்னதும் தட்டைப் பிடுங்கக் கூடாது. லினக்ஸ் எழுத வேண்டியவற்றை நினைவகத்தில் சேர்த்துவைத்துச் சற்றுப் பின்னரே தட்டில் எழுதுகிறது. பெயருக்கு அருகிலுள்ள வெளியேற்றும் குறியை அழுத்தி, எடுக்கலாம் என்ற செய்தி வந்த பிறகே இணைப்பை அகற்றுங்கள். பிறகு அந்தத் தட்டை வேறு கணினியில் பொருத்தி, பத்துப் பன்னிரண்டு கோப்புகளையாவது திறந்து பாருங்கள். பெயர் இருப்பதால் மட்டும் உள்ளடக்கம் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். இரு பக்கமும் கோப்புறையின் மொத்த அளவையும் கோப்புகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுவதும் நல்லது.

தட்டே தேய்ந்திருந்தால்

நகல் ஒரு கோப்பில் நின்று நீண்ட நேரம் நகராமல், பின்பு உள்ளீட்டுப் பிழை என்ற செய்தி வந்தால், அந்தக் கோப்பு இருக்கும் தட்டுப்பகுதி பழுதாகியிருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றைத் தொடருங்கள்; அதையே மீண்டும் மீண்டும் முயன்றால் தளர்ந்த தட்டு மேலும் தளரும். டிஸ்க்ஸ் என்ற செயலியில், தட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் உடல்நலக் குறிப்பைப் பார்க்கலாம். மாற்றீடு செய்யப்பட்ட பகுதிகளும், மாற்றீட்டுக்குக் காத்திருக்கும் பகுதிகளும் அதில் எண்ணிக்கையாக இருக்கும். இரண்டாவது எண் சுழியத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் காலம் குறைவு என்று பொருள்.

இத்தகைய தட்டுக்கென்றே ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது. கோப்பு கோப்பாகப் போகாமல், தட்டு முழுவதையும் ஒரே படிமமாக இன்னொரு தட்டுக்கு அது எடுக்கிறது. முதல் சுற்றில் எளிதாகப் படிக்கக் கிடைக்கும் பகுதிகளை விரைந்து எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளை விட்டுச்செல்லும். அடுத்தடுத்த சுற்றுகளில் அவற்றை மெல்ல நெருங்கும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று வரைபடக் கோப்பு ஒன்றில் குறித்துக்கொண்டே போவதால், மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதற்குக் கட்டளை தட்டச்சு செய்ய வேண்டும், மூலத் தட்டையும் இலக்குத் தட்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் நல்லதும் அழிந்துபோகும். முதல்முறை செய்பவர்கள் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வதே அறிவுடைமை.

தவறுதலாக அழித்தவற்றை மீட்பது இன்னொரு வேலை. போட்டோரெக் என்ற கருவி, கோப்புகளின் தொடக்க அடையாளங்களைத் தட்டில் தேடி எடுக்கும். பெயர்களும் கோப்புறைகளும் திரும்பி வாரா, ஆயிரக்கணக்கான எண்ணிட்ட கோப்புகளுக்குள் நாமே தேட வேண்டும். சுழலும் பாகமற்ற எஸ்எஸ்டி வகைத் தட்டில் இந்த நம்பிக்கையும் குறைவு. அழித்த இடங்களை இயங்குதளம் தெரிவித்ததும் தட்டே அவற்றைத் துடைத்துவிடுகிறது. பணம் பறிக்கும் நச்சுநிரல் குறியாக்கிவிட்ட கோப்புகளை லைவ் லினக்ஸ் நகலெடுத்துத் தரும், திறந்து தராது.

என் உறவுக்காரப் பெண்ணின் கணினியில் இந்தச் சிக்கல்கள் ஒன்றும் இல்லை. பிட்லாக்கர் இருந்தது, குறியீடு அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடைத்தது. ஏறத்தாழ 60 ஜிபி நகலானது. நான்கு இயல்களையும் என் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து கடைசிப் பக்கம் வரை உருட்டிப் பார்த்தாள். ஒலிப்பதிவுகளில் மூன்றைக் கேட்டாள். மறுநாள் அதே கடைக்குப் போனபோது, ஃபார்மட் பண்ணிடலாமா என்று மறுபடியும் கேட்டார்கள். "பண்ணிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது நகலுக்காக இன்னொரு வெளி வன்தட்டை வாங்கிக்கொண்டு வந்தாள்.